சபையை விட்டு விலகத் தோன்றும்போது செய்ய வேண்டியவை

சபைமேல் மனத்தாங்கல் வருவது புதிதல்ல. அப்போஸ்தலர் காலத்திலேயே எருசலேம் சபையில் விதவைகளுக்கான அன்றாட விசாரணையை, அதாவது உணவுப் பங்கீட்டை, பற்றி முறுமுறுப்பு எழுந்தது. பல நாள் வருத்தங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, "இந்தச் சபையே சரியில்லை" என்று முடித்துவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த வாக்கியத்துக்குப் போதகராலும் மூப்பர்களாலும் பதில் சொல்ல முடியாது. ஆகவே முதலில் மூட்டையைப் பிரிக்க வேண்டும்.

ஒரு தாளில் உங்களை உறுத்துவதை எழுதுங்கள், ஒரு வரிக்கு ஒரு விஷயம். "அன்பில்லை", "ஆவிக்குரிய நிலை குறைந்துவிட்டது" என்றெல்லாம் எழுதினால் பயனில்லை. யார், எப்போது, என்ன செய்தார் அல்லது செய்யத் தவறினார் என்று இருக்க வேண்டும். "ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை" என்பது சரியான வரி. அதை எழுதிய கையோடு இன்னொன்றையும் கேளுங்கள்: நான் யாரிடமாவது சொன்னேனா? வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்றுதான் யாக்கோபு 5:14 சொல்கிறது. சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் பிறந்த வரிகள் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகும்.

மீதியுள்ள ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதன் வகையைக் குறியுங்கள்: விருப்பம், மனஸ்தாபம், நிர்வாகம், உபதேசம், குற்றம். ஒரு வகைக்கான வழியை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் காரியம் கெடும்.

பாட்டின் வேகம், பிரசங்கத்தின் நீளம், ஆராதனை நேரம் எல்லாம் விருப்பம். பொறுப்பாளரிடம் ஒருமுறை சொல்லுங்கள், பிறகு விட்டுவிடுங்கள்.

மனஸ்தாபத்துக்கு மத்தேயு 18:15-17 வரிசையே தருகிறது: முதலில் தனியாக, பிறகு ஒருவர் இருவரோடு, அதன்பின் சபைக்கு. படிக்க எளிது, நடைமுறையில் முதல் படியிலேயே சறுக்குகிறோம். சம்பந்தப்பட்டவரிடம் போகுமுன் இன்னொருவரிடம் "ஜெபக் குறிப்பு" என்று சொல்லிவிடுகிறோம். ஜெபத்தின் பெயரில் பரவும் புறணியைக் கண்டிக்க யாருக்கும் தைரியம் வராது, அதனால் அது வேகமாகப் பரவும். வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், நேரில் போங்கள். ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் பேசுங்கள். "எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது. எதிரிலிருப்பவர் அந்த "எல்லாரும்" யார் என்று தேடத் தொடங்கிவிடுவார், உங்கள் காரியம் அமுங்கிவிடும். இரண்டாம் படியில் கூட்டிப்போகிறவர் உங்கள் கட்சிக்காரராக இருக்கக்கூடாது, இருவரும் மதிக்கிறவராக இருக்க வேண்டும். மத்தேயு 5:23-24-ஐயும் சேர்த்துப் படியுங்கள். அங்கே மற்றவனுக்கு உங்கள்மேல் குறை இருந்தாலும் நீங்களே போக வேண்டும். யார் முதலில் வருவது என்று காத்திருக்க இடமில்லை.

நிர்வாகக் குறைகளில் பெரும்பாலானவை பணமும் பதவியும். எருசலேமில் பன்னிரண்டு அப்போஸ்தலரும் முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை. சபையைக் கூட்டி அந்தப் பங்கீட்டுக்கு ஏழுபேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள், குறை சொன்னவர்களும் கிரேக்க மொழி பேசிய யூதர். பவுலும் காணிக்கையைக் கொண்டுபோகும்போது சபைகள் நியமித்த சகோதரனைக் கூட அனுப்பினார், யாரும் குற்றப்படுத்தாதபடிக்கு (2 கொரிந்தியர் 8:18-21). ஆகவே கணக்குக் கேட்பது அவிசுவாசம் ஆகாது. காணிக்கையை எத்தனைபேர் எண்ணுகிறார்கள், காசோலையில் எத்தனை கையெழுத்து, வருடக் கணக்கைத் தணிக்கை செய்பவர் யார் என்று கேள்வியாகவே கேளுங்கள். எழுத்தில் கொடுத்துப் பெயரும் போடுங்கள். மொட்டைக் கடிதம் வந்தால், விஷயத்தை விட்டுவிட்டு எழுதியவரைத்தான் தேடுவார்கள். பதில் வரும்வரை காணிக்கையை நிறுத்திவைக்கலாமே என்று தோன்றும். அதில் முதலில் அடிபடுவது ஏழைகளுக்கான உதவி. உங்கள் கேள்வியும் பேரமாகத் தெரியும்.

உபதேசத்தில் அவசரம் வேண்டாம். பிரசங்கத்தை முழுதாக மறுபடி கேளுங்கள். வெட்டிய துண்டு வீடியோவை நம்பி யாரிடமும் போகாதீர்கள். பவுல் போதித்தது சரியா என்று பெரோயா ஊரார் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள். அரைகுறையாக அறிந்து போதித்த அப்பொல்லோவை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தனியே சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள். புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகிய பேதுருவின் நடத்தை பலரை இழுத்துக்கொண்டு போனபோது பவுல் எல்லாருக்கும் முன்பாகவே கேட்டார். தெரியாமல் வந்த பிழைக்கு முதல் வழி, சுவிசேஷத்தையே புரட்டும் போக்குக்கு இரண்டாவது. ஒரு வசனத்துக்கு வேறு விளக்கம் சொன்னதற்காக இரண்டாவது வழியை எடுப்பது மிகை.

குற்றம் என்று குறித்த வரிகளுக்கு மத்தேயு 18-இன் படிகள் பொருந்தாது. குழந்தையிடம் தவறான நடத்தை, பாலியல் அத்துமீறல், அடிதடி எதுவானாலும் முதலில் போலீஸ். பாதிக்கப்பட்டவரைக் குற்றம் சாட்டப்பட்டவரோடு தனியே உட்காரவைத்து "சமாதானம்" பேசுவது கொடுமை. "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று யாராவது வாயடைத்தால் 105-ஆம் சங்கீதத்தை முழுதும் வாசிக்கச் சொல்லுங்கள். நிலமில்லாமல் அலைந்த முற்பிதாக்களை ராஜாக்கள் ஒடுக்காதபடி கர்த்தர் காத்ததைப் பற்றிய வார்த்தை அது. போதகருக்கு விசாரணையிலிருந்து விலக்குத் தரவில்லை. மூப்பர்மேல் வரும் குற்றச்சாட்டுக்குச் சாட்சிகள் வேண்டும் என்று சொல்லும் 1 தீமோத்தேயு 5, அடுத்த வசனத்திலேயே பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் விலகத்தான் வேண்டும் என்றால் ஒழுங்காக விலகுங்கள். போதகரிடம் நேரில் காரணத்தைச் சொல்லுங்கள். "கர்த்தர் நடத்துகிறார்" என்று அதை மூடி மறைக்க வேண்டாம். ஞாயிறு பள்ளி வகுப்பு, சாவி, கணக்குப் புத்தகம் எதுவானாலும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். உறுப்பினர் மாற்றுக் கடிதம் தரும் சபையென்றால் கேட்டு வாங்குங்கள். நாலு குடும்பத்தை உடன் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் உங்கள் காயத்தைத் தங்கள் காயமாக்கிக்கொண்டு வருவார்கள், உங்களுக்கு ஆறினபிறகும் அவர்களுக்கு ஆறாது. புதிய சபையில் ஏன் வந்தீர்கள் என்று கேட்பார்கள். போதகரிடம் மட்டும் முழுதும் சொல்லுங்கள், பழைய போதகரோடு அவர் பேச விரும்பினால் தடுக்காதீர்கள். மற்றவர்களுக்கு ஒரு வரி போதும்.