வாட்டர் கூலர் கோப்பு இரண்டு முறை திரும்பியது ஏன்?

அமெரிக்க மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு வாட்டர் கூலர் வாங்கும் கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. 2005 எரிசக்திச் சட்டப்படி எனர்ஜி ஸ்டார் (மின்சிக்கனச் சான்று) தகுதி பெற்ற கூலராக இருக்க வேண்டும். முதலில் வாட் அளவு போட்ட விற்பனைத் தாளை இணைத்தேன், செல்லவில்லை. பிறகு பெட்டியில் ஒட்டியிருந்த எனர்ஜி ஸ்டார் முத்திரையைப் படமெடுத்து வைத்தேன், அதுவும் போதவில்லை.

கணக்கே வேறு. வாட் அல்ல, தண்ணீர் பிடிக்காமல் 24 மணி நேரம் ஓடவிட்டால் இழுக்கும் மின்சாரம்தான் அளவுகோல். குளிர்நீர் மட்டும் தரும் வகைக்கு 0.16 யூனிட்தான் உச்சம். வெந்நீரும் தரும் வகைக்கு வரம்பு தனி.

நான் தவறவிட்டது மாடல் எண்ணின் கடைசி எழுத்து. சான்று பெற்றது குளிர்நீர் மாடல். விலைப்புள்ளியில் இருந்ததோ அதன் வெந்நீர் ஜோடி. சான்றுப் பட்டியலில் முழு எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, விலைப்புள்ளியைத் திருத்தி வாங்கி, பட்டியலின் அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து இணைத்தேன். கோப்பு நகர்ந்தது. அப்பாடா!