சோளப் பாம்புக் குட்டிகளின் நிறத்தைக் கணிக்கும் முறை

வீடுகளில் செல்லமாக வளர்க்கப்படும் நச்சற்ற அமெரிக்கப் பாம்புகளான சோளப் பாம்புகளை (corn snake) இணைசேர்க்கும் முன், இரண்டின் புறத்தோற்றத்தோடு அவை மறைவாகச் சுமக்கும் மரபணுக்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கருநிறமி அற்ற அமெலனிஸ்டிக், செந்நிறமி அற்ற அனெரித்ரிஸ்டிக் ஆகிய இரண்டும் ஒடுங்கு பண்புகள் என்பதால், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அதே மரபணு வந்து சேர்ந்தால்தான் அந்நிறம் வெளிப்படும். ஆகவே, வேறெதையும் சுமக்காத இவ்விரு வகைகளை ஒன்றோடொன்று இணைத்தால், குட்டிகள் அனைத்தும் இயல்பு நிறத்திலேயே பொரிந்து வரும். ஏமாற்றமடைய வேண்டாம், அவை ஒவ்வொன்றும் இரு மரபணுக்களையும் சுமப்பவை. அத்தகைய இரு பாம்புகளை, இயன்றவரை நெருங்கிய உறவில்லாதவையாகத் தேர்ந்து இணைத்தால், இரு பண்புகளும் ஒருங்கே வெளிப்பட்டு வெளிறிய வெண்ணிறமுடைய ஸ்னோ குட்டி கிடைக்கும் வாய்ப்பு 16-இல் 1 ஆகும். இது முட்டைதோறும் தனித்தனியே பொருந்தும் வாய்ப்பேயன்றி, 16 முட்டைகளில் ஒன்று கட்டாயம் ஸ்னோவாக இருக்கும் என்ற உறுதியன்று.