சி-யை எப்போது வெளியேற்றுவது: உறையும் மாறாக் கோணப் பாதையும் கண்டுபிடிக்கும் வழி

பி.எஸ்சி. கணிதம் படிக்கிற பிள்ளைகள் என்வலப்பையும் ஐசோகோனல் பாதையையும் இரண்டு தனித்தனி சூத்திரங்களாக மனப்பாடம் செய்வதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். ஒரே சமன்பாட்டில் ஓர் எண்ணை மட்டும் மாற்ற மாற்றக் கிடைக்கும் வளைவரைகளின் கூட்டம்தான் குடும்பம்; அந்தச் சமன்பாட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த எண்ணை, அதாவது துணையலகான சி-யை, எந்தக் கட்டத்தில் வெளியேற்றுவது?

முதலில் உறை, அதாவது என்வலப். குடும்பத்திலுள்ள ஒவ்வொரு வளைவரையையும் எங்காவது ஓரிடத்தில் தொட்டுக்கொண்டே போகும் வளைவரை அது. மாசி வீதியிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: 6 அடி அகலத்தில் வந்து, செங்கோணமாகத் திரும்பி, 3 அடியாகக் குறுகுகிறது. பந்தலுக்கு மூங்கில் கொண்டுவருகிறார்கள், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர், தரைக்கு இணையாகப் பிடித்துக்கொண்டு. எத்தனை அடி மூங்கில் வரை அந்த முக்கில் திரும்பும்?

வெளிச்சுவர்கள் இரண்டையும் அச்சுகளாக எடுங்கள். மூங்கிலின் இரு முனைகளும் அந்தச் சுவர்களை உரசியபடி திரும்பினால் ஒவ்வொரு நிலையும் ஒரு நேர்கோடு. நீளம் எல், ஒரு சுவரோடு அது செய்யும் கோணம் தீட்டா என்றால்:

எக்ஸ் / காஸ் தீட்டா + ஒய் / சைன் தீட்டா = எல்

இங்கே துணையலகு தீட்டா. எக்ஸையும் ஒய்யையும் அசையாமல் பிடித்துக்கொண்டு தீட்டாவைப் பொறுத்து மட்டும் வகையிடுங்கள். ஏன் என்றால், கொஞ்சமே திரும்பிய அடுத்த நிலையும் இந்த நிலையும் வெட்டும் புள்ளி நமக்கு வேண்டும், அந்த இடைவெளி பூச்சியத்தை நெருங்கும்போது கிடைப்பதுதான் இந்த வகைக்கெழு. இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்த்தால் எக்ஸ் = எல் காஸ்³ தீட்டா, ஒய் = எல் சைன்³ தீட்டா. இப்போதுதான் தீட்டாவை வெளியேற்ற வேண்டும், அதற்கு முன்னால் கூடாது. எக்ஸின் 2/3 அடுக்கையும் ஒய்யின் 2/3 அடுக்கையும் கூட்டினால் எல்லின் 2/3 அடுக்கு வரும், இந்த வளைவரைக்கு ஆஸ்ட்ராய்ட் என்று பெயர்.

சந்தின் உள்மூலை (3, 6). அது ஆஸ்ட்ராய்டுக்கு உள்பக்கம் விழுந்தால் மூங்கில் சிக்கும். 2/3 அடுக்கு 3-க்கு 2.08, 6-க்கு 3.30, கூட்டினால் 5.38, அதன் 3/2 அடுக்கு ஏறத்தாழ 12.5. ஆக 12 அடி மூங்கில் போகும், 13 அடி போகாது (மூங்கிலின் தடிமனை நான் சேர்க்கவில்லை).

ஒரு எச்சரிக்கை. இப்படி வருவதெல்லாம் உறை ஆகிவிடாது. (ஒய் − சி)² = எக்ஸ்³ என்ற குடும்பத்தில் இதே வேலையைச் செய்தால் எக்ஸ் = 0 வரும், ஆனால் அது கூர்முனைகள் வரிசையாக நிற்கும் கோடு மட்டுமே, எந்த வளைவரையையும் தொடுவதில்லை. விடை வந்ததும் தொடுகிறதா என்று ஒரு புள்ளியிலாவது சாய்வை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, மாறாக் கோணப் பாதை, அதாவது ஐசோகோனல் பாதை. குடும்பத்தின் எல்லா வளைவரைகளையும் ஒரே கோணத்தில் வெட்டிப் போகும் பாதை. இங்கே வரிசை தலைகீழ்: சி-யை முதலிலேயே வெளியேற்றிவிட்டுத்தான் கோணத்தைத் திருப்ப வேண்டும். ஒய் = சி எக்ஸ் என்ற கோடுகளை எடுங்கள். சாய்வு சி. அதை அப்படியே வைத்துக்கொண்டு திருப்பினால் சாய்வு மாறிலியாகிவிடும், பாதை நேர்கோடாக வந்து நிற்கும், அது தப்பு. பாதை ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது, சி அங்கே மாறிலி அல்ல. அதனால் சி = ஒய் / எக்ஸ் என்று போட்டு, சாய்வு பி = ஒய் / எக்ஸ் என்று எழுதிக்கொண்டு, அப்புறம் பி இருக்கும் இடத்தில் (பி + கே) / (1 − பி கே) வையுங்கள். கே என்பது கோணத்தின் டேன். இன்னொரு பக்கமாகத் திருப்ப கே-யின் குறியை மாற்றினால் போதும். 90 பாகை என்றால் −1/பி, இந்தக் கோடுகளுக்கு அது வட்டங்களைத் தரும்.

மற்ற கோணங்களுக்குக் கிடைப்பது மடக்கைச் சுருள், அதாவது சுற்றச் சுற்ற ஆரம் ஒரே விகிதத்தில் பெருகிக்கொண்டே போகும் சுருள். 45 பாகைக்கு வரைந்து பார்க்க ஆசைப்படாதீர்கள், ஒரு சுற்றுக்குள் ஆரம் சுமார் 535 மடங்கு ஆகிவிடும், எந்தத் தாளும் பத்தாது. 80 பாகை எடுங்கள். 30 பாகைக்கு ஒன்றாக 12 கதிர்கள் போட்டு, முதல் கதிரில் மையத்திலிருந்து 2 செ.மீ. தள்ளிப் புள்ளி வைத்து, அடுத்தடுத்த கதிரில் தூரத்தை 1.097-ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள். ஒரு சுற்று முடிந்து முதல் கதிருக்கே வரும்போது 6 செ.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். புள்ளிகளை வளைவாக இணைத்து, ஏதாவது ஒரு கதிரில் தொடுகோடு போட்டுப் பாகைமானியால் அளந்தால் 80 வர வேண்டும். வரவில்லையென்றால் பெரும்பாலும் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்திருப்பீர்கள்.