நெதர்லாந்தில் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

செப்டம்பர் வந்தால் எங்கள் குடியிருப்பு வாசலில் புதுப்புது சைக்கிள்கள் முளைத்துவிடும். படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், எல்லோரும் முதல் வாரமே ஒன்று வாங்கிவிடுகிறார்கள். போன வாரம் மூன்றாம் மாடித் தம்பி ஒருவர் முன்சக்கரத்தை மட்டும் கம்பியோடு சேர்த்துப் பூட்டிவிட்டு, ரொம்பத் திருப்தியாகப் படியேறினார். ஏழு வருடம் முன்பு நானும் அப்படித்தான் ஏறினேன். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பூட்டாமல் போகாதே, சாவியைப் பூட்டிலேயே விடாதே என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பூட்டில் மிச்சம் பிடிப்பது

இங்கே பெரும்பாலான சைக்கிள்களில் பின்சக்கரத்தில் ஒரு வளையப் பூட்டு இருக்கும். டச்சுக்காரர்கள் ‘ரிங்ஸ்லாட்’ என்பார்கள். அது சக்கரத்தைச் சுழல விடாது, அவ்வளவுதான். வண்டியைத் தூக்கி வேனில் போடுகிறவனை அது என்ன செய்யும்? அதனால் கூடவே கனமான ஒரு சங்கிலி வேண்டும். ஃப்ரேமையும், தரையில் ஊன்றிய கம்பி ஏதாவதையும் சேர்த்துக் கட்ட வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் கட்டினால் நட்டைக் கழற்றி, சக்கரத்தை உங்களுக்கு விட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோவார்கள்.

பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கேபிள் பூட்டுக்குச் சின்னக் கட்டர் ஒன்று போதும், வாங்கவே வாங்காதீர்கள். பூட்டின் உறுதியைச் சோதித்துத் தரும் ஏ.ஆர்.டி. முத்திரையும் நட்சத்திரங்களும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிளுக்கு இரண்டு நட்சத்திரமாவது வேண்டும். காப்பீடு எடுத்தால் அவர்களும் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள்.

சங்கிலி தரையில் கிடக்கவும் கூடாது. கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, உடம்பின் மொத்த எடையையும் மறு கைப்பிடியில் போட்டு அழுத்திவிடலாம். மேலே ஃப்ரேமை ஒட்டி இறுக்கமாகக் கட்டினால் அந்த வசதி அவனுக்கு இல்லை.

ஃப்ரேம் எண்ணைக் குறித்து வைக்காதது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

என் முதல் சைக்கிள் கரும்பச்சை நிறம். மார்க்ட்ப்ளாட்ஸ் என்ற பழைய பொருள் விற்கும் இணையதளத்தில் விளம்பரம் பார்த்து, படிப்பு முடித்து ஊர் திரும்பும் ஒரு மாணவரிடம் 140 யூரோவுக்கு வாங்கினேன். கையில் காசு கொடுத்தேன், சாவி வாங்கினேன், ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ரசீது கிடையாது. எண்ணா? சைக்கிளுக்கு எண் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. இடது கைப்பிடி கிழிந்திருந்ததால் கறுப்பு டேப் சுற்றினேன். பெல் ஒன்று வாங்கிப் பொருத்தினேன்.

நவம்பர் மாதம் ஒரு சாயங்காலம், பால் வாங்கப் பத்து நிமிடம் கடைக்குள் போனேன். வளையப் பூட்டு மட்டும்தான் போட்டிருந்தேன். சங்கிலி கேரியரில் பையோடு இருந்தது. வெளியே வந்தால் வண்டியும் இல்லை, சங்கிலியும் இல்லை. அன்றிரவே இணையத்தில் போலீஸ் புகார் கொடுத்தேன். அரசு இணையச் சேவைகளுக்கான டிஜிடி கணக்கு இருந்தால் வீட்டிலிருந்தே கொடுத்துவிடலாம். படிவத்தில் ‘ஃப்ரேம்நம்மர்’ என்று ஒரு கட்டம். காலியாக விட்டேன்.

ஐந்து வாரம் கழித்து, பக்கத்து ஊர் ரயில் நிலையத்தில் ஒரு சைக்கிள் வரிசையைத் தாண்டி நடக்கிறேன். கரும்பச்சை. என் பெல். இடது கைப்பிடியில் என் டேப், முனையை நான் கோணலாக மடித்துவிட்ட அதே கோணலோடு. அதன்மேல் வேறு யாருடைய சங்கிலியோ.

போலீஸுக்கு போன் செய்தேன். முதல் கேள்வி, எண் என்ன? குனிந்து போன் வெளிச்சத்தில் தேடினேன். பெடல் அச்சுக்குக் கீழே, காய்ந்த சேற்றைச் சுரண்டியதும் தெரிந்தது. என் சைக்கிளின் எண்ணை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன். படித்துச் சொன்னால், “அதை இப்போதுதானே பார்த்தீர்கள்?” என்றார் அந்தப் பக்கம் இருந்தவர். டேப்பைச் சொன்னேன். கறுப்பு டேப் நிறையப் பேர் சுற்றுவார்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பூட்டை நானே வெட்டினால் அங்கே திருடன் நான்தான். கடைசி ரயில் வரை குளிரில் நின்றேன், யாரும் வரவில்லை. மறுநாள் காலை போனபோது வண்டி இல்லை.

பத்து விநாடி வேலை அது. வண்டி வாங்கிய அன்றே ஈரத்துணியால் துடைத்து, சீட்டுக்குக் கீழே உள்ள குழாய், ஹேண்டில்பாருக்குக் கீழே, பெடல் அச்சின் அடிப்பக்கம் என்று மூன்று இடத்திலும் தேடுங்கள். எண்ணை ஒரு படம், முழு வண்டியை ஒரு படம் எடுத்து, உங்களுக்கே மெயில் அனுப்பிவிடுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால், போன் தொலைந்தால் அதுவும் போச்சு. கடையில் வாங்கினால் ரசீதில் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். தனியாரிடம் வாங்கினால் விற்பவர் பெயர், தேதி, தொகை, எண் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்; பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். அப்போதுதான் புகாரில் எண் ஏறும், வாகனப் பதிவுத் துறையான ஆர்.டி.டபிள்யூ.வின் திருட்டு சைக்கிள் பட்டியலிலும் சேரும்.

திருட்டு வண்டியை மலிவு என்று வாங்குவது

அதே பட்டியலை வாங்கும் முன்பே பார்க்கலாம். ஆர்.டி.டபிள்யூ. தளத்தில் எண்ணைப் போட்டால், திருடுபோனதாகப் பதிவாகியிருந்தால் காட்டிவிடும். எண்ணை ராவி அழித்திருந்தால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். தெருவில் ஒருவன் முப்பது யூரோவுக்கு நல்ல சைக்கிளை நீட்டினால் அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியும், நீதிபதிக்கும் தெரியும். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய நிலையில் வாங்குவதே இந்த நாட்டில் குற்றம். தெரியாமல் வாங்கினேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

எட்டாத சைக்கிள்

டச்சுக்காரர்கள் உயரமானவர்கள், அவர்களுடைய பழைய சைக்கிள்களும் அப்படியே. படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சீட்டில் உட்கார்ந்தால் கால்விரலாவது தரையில் பட வேண்டும். இன்னொன்று, பல வண்டிகளில் கையில் பிரேக் இருக்காது. பெடலைப் பின்னால் மிதித்தால்தான் நிற்கும். வாங்கும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், போக்குவரத்து இல்லாத தெருவில்.

மினுக்கும் விளக்கு

கூடாது. முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு, இரண்டும் நிலையாக எரிய வேண்டும்.

ஒரு சாவியைத் தொலைப்பது

வண்டி திருடுபோனால் காப்பீட்டுக்காரர்கள் பூட்டின் இரண்டு சாவியையும் கேட்பார்கள்.

காணோம் என்றதும் திருட்டு என்று முடிவு கட்டுவது

ஸ்டாண்டுக்கு வெளியே, நடைபாதையை மறித்து, தடை செய்த இடத்தில் நிறுத்தினால் நகராட்சியே வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் அசையாமல் நின்றாலும் அப்படித்தான். ஊருக்கு ஒரு மாதம் போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் இருக்கிறது, முதல் 24 மணி நேரம் இலவசம். அப்படியிருந்தும் வெளியே விளக்குக் கம்பத்தில் கட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

புகார் கொடுக்கும் முன் நகராட்சியின் சைக்கிள் டெப்போவில் தேடுங்கள். அங்கே போகும்போது அடையாள அட்டை, கட்டணத்துக்குப் பணம், வண்டியில் போட்டிருந்த பூட்டின் சாவி மூன்றும் வேண்டும். புதுப் பூட்டு ஒன்றும் எடுத்துப்போங்கள். பழையதை அறுத்துத்தான் வண்டியை ஏற்றியிருப்பார்கள்.