செயற்கைப் புல்தரையில் தேங்கிய நீர்: என் அனுபவம்

பிள்ளைகள் விளையாடுவதற்காக வீட்டின் பின்புறம் நான் அமைத்த செயற்கைப் புல்தரையில், முதல் மழையிலேயே நடுப்பகுதியில் நீர் தேங்கியது. பந்து அங்கே எழும்பாமல் சப்பென்று நின்றது. விரிப்பில் வடிகால் துளைகள் இருந்தும் ஏன் இப்படி என்று ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். மண்ணைச் சமன்படுத்தியதோடு விட்டிருந்ததால், களிமண் குழைந்து துளைகளை அடைத்திருந்தது.

இரு விரிப்புகளையும் சுருட்டி வைத்துவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை அகற்றி, கல் மண்ணுக்குள் இறங்காமல் தடுக்கும் துணியை விரித்து, உடைகல்லை 5 செ.மீ. கனமுள்ள அடுக்குகளாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் லேசாக நனைத்து, அதிர்வு இயந்திரத்தால் இறுக்கினேன். முழுவதையும் ஒரே தடவையில் கொட்டினால் மேற்பரப்பு மட்டுமே கெட்டிப்படும். அடி தளர்ந்திருந்து பின்னர் பள்ளம் விழும். நீர் வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓட, மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு கொடுத்தேன்.

இரு விரிப்புகளையும் இழைகள் ஒரே பக்கம் சாயும்படி வைத்து, அடியில் நாடாவும் பசையும் இட்டு இணைத்தேன். பசையில் ஓர் இழை சிக்கினாலும் அந்தக் கோடு கண்ணில் உறுத்தும் என்பதால், இதற்கே அரை நாள் செலவிட்டேன். அவசரப்பட வேண்டிய இடம் இதுவல்ல. கடைசியாக, உலர்ந்த சிலிக்கா மணலைத் தூவி, இழைகள் நிமிரும்படி எதிர்த்திசையில் துடைப்பத்தால் தள்ளினேன்.

அடுத்த பெருமழை ஓய்ந்த சிறிது நேரத்திலேயே நடுப்பகுதியில் கையை அழுத்திப் பார்த்தேன். விரல்களில் ஈரம் மட்டுமே ஒட்டியது.