ஒயின் ஓப்பனர் வாங்கப் போறீங்களா, பாக்கெட்ல ஒரு தீக்குச்சி போட்டுக்கோங்க

ஓப்பனர் வாங்குறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு எந்த மாதிரி பாட்டில் வருதுன்னு பாத்துக்கோங்க, ஏன்னா நிறைய பேருக்கு ஓப்பனரே தேவைப்படாது. சுலா மாதிரி நாசிக் ஒயின்ல பல வகை இப்ப திருகு மூடியோடதான் வருது, கையால ஒரு முறுக்கு, வேலை முடிஞ்சுது. கழுத்தச் சுத்தியிருக்குற தகட்டுல சின்னச் சின்னதா வெட்டுக்கோடு வரிசையா தெரிஞ்சா அது திருகு மூடி, கோடு எதுவும் இல்லாம வழவழன்னு இருந்தா உள்ள கார்க் இருக்கும். கார்க் போட்டாதான் ஒசத்தி, திருகு மூடின்னா மட்டம்னு ஒரு பேச்சு நம்ம ஆளுங்ககிட்ட சுத்திட்டு இருக்கு, அதெல்லாம் நம்பாதீங்க, நியூசிலாந்துல நல்ல நல்ல ஒயினே திருகு மூடிலதான் வருது. டாஸ்மாக் எலீட் கடைல பிரான்ஸ், இத்தாலி பாட்டில் எடுக்குறவங்க, வெளிநாட்டுல இருந்து மாமாவோ மச்சானோ கொண்டாந்து குடுக்குற வீடு, இவங்களுக்குத்தான் மேற்கொண்டு படிக்க வேலை இருக்கு.

கடைல ஓப்பனர் கைல எடுத்ததும் எல்லாரும் கைப்பிடியத்தான் பாக்குறாங்க, மரக் கைப்பிடியா, ரோஸ் கோல்டு கலரா, கிஃப்ட் பாக்ஸ்ல வருதான்னு. கைப்பிடி எப்படி இருந்தாலும் பரவால்ல, பாக்க வேண்டியது கார்க்குக்குள்ள இறங்குற அந்தத் திருகுக் கம்பிய. அதுல ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு வெறும் கம்பிய சுருட்டி விட்ட மாதிரி, நடுவுல ஒண்ணுமில்லாம காலியா இருக்கும். இன்னொண்ணுல நடுவுல தண்டு இருக்கும், அதச் சுத்தி மரை வெட்டியிருக்கும். இந்த ரெண்டாவது ரகம் கார்க்க நடுவுல குடைஞ்சுக்கிட்டே போகும், புது கார்க்கா இருந்தா எப்படியோ வந்துரும், கொஞ்சம் காஞ்ச கார்க்னா தூளாகி ஒயின்ல மிதக்கும். கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸி, ஒரு தீக்குச்சிய மேல இருந்து கம்பிக்குள்ள நேரா விட்டுப் பாருங்க, தடையில்லாம உள்ள போச்சுன்னா அது நல்ல ரகம், போகலன்னா அந்த ஓப்பனர் எவ்ளோ பளபளப்பா இருந்தாலும் கீழ வச்சிருங்க.

அப்புறம் முனை. நுனி கூரா இருக்கணும், அதே சமயம் அது நட்ட நடுவுக்கு வராம சுருளோட போக்குலயே இருக்கணும், அப்பதான் முழுக் கம்பியும் ஒரே பாதைல போகும். கம்பில குறைஞ்சது அஞ்சு சுத்து இருக்கணும், ஏன்னா சில கார்க் அஞ்சு சென்டிமீட்டருக்கு மேல நீளம் இருக்கும், குட்டைக் கம்பி பாதில பிடிச்சு இழுத்தா கீழ்ப்பாதி கழுத்துலயே நின்னுரும். கறுப்பா டெஃப்லான் பூச்சு போட்ட கம்பி கிடைச்சா இன்னும் நல்லது, வழுக்கிட்டு இறங்கும்.

இங்க நம்ம சேலத்துக்காரங்களுக்கு ஒரு விஷயம் தனியா சொல்லணும். ஸ்டீல் பிளான்ட் இருக்குற ஊரு, செவ்வாய்ப்பேட்டைல பாத்திரம் எடுக்கும்போது காந்தம் வச்சுப் பாத்து, ஒட்டுனா வேணாம்னு தள்ளி வைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. ஓப்பனர்கிட்ட அந்தப் பரீட்சை வேலைக்கு ஆகாது. பாத்திரத்துக்குப் போடுற 304 கிரேட் காந்தத்துல ஒட்டாது, சரிதான், ஆனா கத்தி பிளேடுக்குப் போடுற 420 மாதிரி கிரேட் நல்லா ஒட்டும், அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், கடினமா இருக்கும், திருகுக்கு அந்தக் கடினம்தான் வேணும். அதனால காந்தம் ஒட்டுதுன்னு நல்ல ஓப்பனர ஒதுக்கிராதீங்க. விரலால கம்பிய லேசா வளைச்சுப் பாருங்க, கொஞ்சம் வளைஞ்சாலே அது தகரம்தான்.

இனி ஓப்பனர் வகை. வீட்டுக்கு ஒண்ணே ஒண்ணுன்னா என் ஓட்டு ஹோட்டல் வெய்ட்டருங்க ஏப்ரன் பாக்கெட்ல வச்சிருக்குற மடக்கு ஓப்பனருக்குத்தான், அதுவும் டபுள் ஹிஞ்ச் போட்டது, அதாவது லீவர்ல மடங்குற மாதிரி ரெண்டு பல்லு இருக்குறது. இந்த மடக்கு ஓப்பனருக்கு 1882ல ஜெர்மனில கார்ல் வீன்கேன்னு ஒருத்தர் பேட்டன்ட் வாங்குனாரு, டபுள் ஹிஞ்ச் பின்னாடி வந்தது, மத்தபடி இத்தன வருஷத்துல பெருசா மாத்த வேண்டிய தேவையே வரல. ஒரு பக்கம் பாட்டில் கழுத்துல இருக்குற தகட்ட, அதான் ஃபாயில, வெட்டுற குட்டி கத்தி, நடுவுல திருகு, இன்னொரு பக்கம் பாட்டில் வாய் விளிம்புல முட்டுக் குடுக்குற லீவர். கழுத்துக்குள்ள இருக்குற கார்க்க வெறும் பலத்துல இழுக்கணும்னா சாதாரணமா 20ல இருந்து 40 கிலோ இழுவை வேணும், அந்த பாரத்த லீவர்தான் குறைச்சுக் குடுக்குது. சிங்கிள் ஹிஞ்ச்ல கார்க் பாதி வந்ததும் லீவர் கோணலாகி கார்க் சாஞ்சு முறியும், டபுள் ஹிஞ்ச்ல மொத பல்லுல பாதி, ரெண்டாவது பல்லுல மீதின்னு நேரா வந்துரும். விலை சில நூறு ரூபாதான், அதுக்குள்ளயே தரமானது கிடைக்கும். வாங்கும்போது லீவர மடக்கி நிமித்திப் பாருங்க, ரிவிட் அடிச்ச இடத்துல லொடலொடன்னு ஆடக்கூடாது.

ரெண்டு கை தூக்குற மாதிரி சிறகு வச்ச ஓப்பனர்தான் நம்ம சூப்பர்மார்க்கெட்ல அதிகம் கண்ணுல படும். கத்துக்க ஒண்ணுமே இல்ல, திருக திருக ரெண்டு கையும் மேல போகும், கீழ அமுக்குனா கார்க் வரும். ஐடியா நல்ல ஐடியாதான், ஆனா மலிவு விலைல வர்றதுல முக்கால்வாசி அந்தத் தண்டு வச்ச மரைதான், பல்சக்கரமும் சீக்கிரம் தேஞ்சுரும். தீக்குச்சி உள்ள போற ஒண்ணு கிடைச்சா தாராளமா வாங்குங்க. லீவரே இல்லாம வெறும் டி மாதிரி இருக்குறதும் பாக்கெட் கத்தில வர்றதும் இழுக்குறவன் தோள்பட்டையத்தான் சோதிக்கும், வீட்டுக்கு வேண்டாம்.

வீட்ல யாரு திறக்கப் போறாங்கன்னு யோசிக்காம வாங்குறதுதான் பெரிய தப்பு. அம்மாவுக்கோ அத்தைக்கோ மணிக்கட்டு வலி இருக்கு, மூட்டு இறுகிப் போச்சுன்னா மடக்கு ஓப்பனர் அவங்களுக்குக் கஷ்டம், அங்க கழுத்தக் கவ்விப் பிடிக்கிற பெரிய லீவர் டைப்போ எலக்ட்ரிக்கோதான் சரி. லீவர் டைப்ல கைப்பிடிய ஒரு தடவ முன்ன கொண்டு போய் பின்ன இழுத்தா கார்க் கைல வந்துரும், இடம்தான் அடைக்கும், டிராயர்ல படுக்காது. எலக்ட்ரிக்ல பட்டன் அமுக்குனா போதும், ஆனா மாசத்துக்கு ஒரு பாட்டில் கூட திறக்காத வீட்ல அது பேட்டரி தீந்து சும்மா கிடக்கும், வேணும்ங்கிற அன்னைக்கு சார்ஜர் எங்கன்னு எல்லாரும் தேடணும். ஊசிய உள்ள விட்டு காத்து பம்ப் பண்ணி கார்க்க மேல தள்ளுற ஒண்ணும் விக்குது, அத நான் சிபாரிசு பண்ண மாட்டேன், பாட்டில்ல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தா உள்ள ஏறுற அழுத்தத்துக்குக் கண்ணாடி தாங்காம போக வாய்ப்பிருக்கு.

சேலம் வெயிலுக்கும் ஓப்பனருக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்கு. பாட்டில ஷோகேஸ்ல நட்டமா நிக்க வச்சு, ஏப்ரல் மே ரெண்டு மாசம் பூட்டுன வீட்ல வெந்துட்டு இருந்தா கார்க் காஞ்சு சுருங்கிரும், அப்புறம் எந்தத் திருகு போட்டாலும் பொலபொலன்னு உதிரும். கார்க் பாட்டில படுக்க வச்சாதான் ஒயின் கார்க்கத் தொட்டுட்டே இருக்கும், அது ஈரமா இருக்கும். அடுப்படி மேல் லாஃப்ட் ரொம்ப மோசமான இடம், கட்டிலுக்குக் கீழ இருட்டா இருக்குற தரையே எவ்வளவோ மேல். அப்படிக் காஞ்சு போன கார்க்குன்னு சந்தேகம் இருந்தா, இல்ல பாட்டில் ரொம்ப வருஷம் பழசுன்னா, அதுக்குன்னு ரெண்டு தகடு வச்ச ஓப்பனர் ஒண்ணு இருக்கு, ஆ-ஸோன்னு சொல்லுவாங்க. நீளத் தகட்ட மொதல்ல கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல சொருகி, அப்புறம் குட்டத் தகட்டையும் சொருகி, மாத்தி மாத்தி அசைச்சு இறக்கிட்டு, முறுக்கிக்கிட்டே மேல தூக்கணும். ஓட்டையே விழாம கார்க் வெளிய வரும். லூசான கார்க்னா மட்டும் அது உள்ள தள்ளிரும், பாத்துப் பண்ணுங்க, பிளாஸ்டிக் கார்க்குக்கும் இத எடுக்காதீங்க. இது ரெண்டாவதா வாங்க வேண்டிய சாமான், பழைய பாட்டில் வச்சிருக்கவங்களுக்கு மட்டும்.

அடிக்கடி வர்ற கேள்வி, ஏற்காடு போற வழில சிப்ஸ் பாக்கெட் உப்புதே, பாட்டில் கார்க்கும் வெளிய வந்துராதான்னு. வராது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், கீழ இருந்து மேல போகும்போது குறையுற காத்தழுத்தத்தக் கணக்குப் போட்டா கார்க் மேல வர்ற தள்ளு அரைக்கிலோ கூட இல்ல, அத இழுக்கவே 20 கிலோ வேணும்னு மேல சொன்னேன்ல. உண்மையான எதிரி பார்க்கிங்ல வெயில்ல நிக்குற கார்தான். சூட்டுல ஒயின் விரிஞ்சு கார்க்க மேல தள்ளி, ஃபாயில் ஓரமா கசிஞ்சு பிசுபிசுன்னு ஆயிரும்.

சரி, வாங்கியாச்சு, திறக்கறது எப்படி. ஃபாயில வாயோட ரெண்டாவது விளிம்புக்குக் கீழ சுத்தி வெட்டுங்க, வாய ஒரு துணியால துடைங்க. முனைய கார்க் நடுவுல இருந்து ஒரு நூல் தள்ளி வைங்க, ஏன்னா கம்பி சுருண்டு போறதால முனைய நட்ட நடுவுல வச்சா சுருள் ஒரு ஓரமா ஒதுங்கி இறங்கும். கொஞ்சம் சாச்சு குத்தி, ஒரு சுத்து போனதும் நிமித்துங்க. பாட்டில் மேசைலயே நிக்கட்டும், ஓப்பனர மட்டும் திருகுங்க, கடைசி ஒரு சுத்து வெளிய தெரியும்போது நிறுத்திருங்க, முழுசா இறக்குனா கார்க் அடில பொத்துக்கிட்டு தூள் விழும். மொத பல்ல விளிம்புல வச்சு, அத இடது கையால பாட்டிலோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு, கைப்பிடிய நேரா மேல தூக்குங்க, பக்கவாட்டுல இழுக்காதீங்க. பாதி வந்ததும் ரெண்டாவது பல்லு. கடைசி ஒரு சென்டிமீட்டர கையாலயே பிடிச்சு மெதுவா அசைச்சு எடுங்க. மெழுகு வச்சு மூடியிருந்தா அதச் சுரண்டிட்டு உக்காராதீங்க, மெழுகு மேலயே திருகிட்டுப் போகலாம், கார்க் கொஞ்சம் மேல வந்ததும் உடைஞ்ச மெழுகத் துடைச்சுட்டு மீதிய இழுங்க.

பாதில முறிஞ்சா பதறாதீங்க, பாட்டில சாச்சு வச்சு, மிச்ச கார்க்ல திருக சாய்வா இறக்கி நிதானமா இழுங்க. அதுவும் வரலன்னா கரண்டிக் காம்பால உள்ள தள்ளிட்டு, டீ வடிகட்டில ஜக்குக்கு ஊத்திருங்க, ருசி ஒண்ணும் கெடாது. தள்ளும்போது ஒயின் மேல தெறிக்கும், வெள்ளச் சட்டை போட்டவங்க தள்ளி நில்லுங்க. லைட்டரால கழுத்தச் சூடு பண்றது, ஷூவுக்குள்ள வச்சு செவுத்துல அடிக்கிறது, இந்த ரீல்ஸ் வேலையெல்லாம் கண்ணாடிய உடைக்கிற வேலை.

ஷாம்பெயின் மாதிரி நுரை வர்ற பாட்டிலுக்கு எந்த ஓப்பனரும் கிட்டயே போகக்கூடாது. உள்ள கார் டயர்ல இருக்குறத விட ரெண்டு மடங்குக்கு மேல அழுத்தம் இருக்கும். நல்லா ஜில்லுன்னு வச்சு, கம்பிக் கூண்ட அரை அரைச் சுத்தா ஆறு தடவ திருகித் தளர்த்தி, கட்டைவிரல கார்க் மேலயே வச்சுக்கிட்டு, கார்க்கப் பிடிச்சு பாட்டில மட்டும் திருப்புங்க. வாய் யாரு மொகத்தையும் பாக்கக்கூடாது, ட்யூப்லைட்டையும் பாக்கக்கூடாது.

ஏற்காட்டுக்கு காட்டேஜ் புக் பண்ணிப் போறவங்க ஓப்பனர பைல முந்தின நாளே போட்டுருங்க, அங்க இருக்கும்னு நம்பிப் போய், இல்லாம, ராத்திரி எட்டு மணிக்கு 20 கொண்டை ஊசி இறங்கி அடிவாரத்துக்கு வர்றது நடக்குற காரியமா, அதுவும் ஒருத்தர் ரெண்டு பேர் ஏற்கனவே பீர் எடுத்துருந்தா வண்டி எடுக்கவே கூடாது. கமலாபுரத்துல இருக்குற நம்ம சேலம் ஏர்போர்ட் வழியா போறவங்க ஹேண்ட் பேக்ல வைக்காதீங்க, திருகும் கத்தியும் செக்யூரிட்டில போயிரும், செக்-இன்ல போடுங்க.