குஞ்சம் வைத்த ஷாப்ஸ்: முதன்முறை தைப்பவர்களுக்கு

கௌபாய்கள் காற்சட்டைக்கு மேல் மாட்டிக்கொள்ளும் தோல் உறைக்குத்தான் ஷாப்ஸ் என்று பெயர். முள் புதருக்குள் புகுந்து மாடு விரட்டிய மெக்சிகோ குதிரைவீரர்கள் தொடை கிழியாமலிருக்க இதை அணிந்தார்கள். 'சப்பரேராஸ்' என்ற அவர்களுடைய சொல்தான் அமெரிக்கர் வாயில் இப்படிச் சுருங்கியது. முதன்முறை தைப்பவர்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் 'சிங்க்ஸ்' வகையை எடுத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியா, நெவாடா பக்கத்தில் இன்றும் அணிகிறார்கள். வெயிலுக்கு இதம், தோலும் குறைவாகவே செலவாகும்.

தோல். கால்களுக்கு 1.6 முதல் 2 மி.மீ. தடிமனில், குரோம் உப்பில் பதனிட்ட மிருதுவான மாட்டுத்தோல். 20 சதுர அடிக்குக் குறையாத ஒரு பாதித் தோல் போதும். இடுப்புப் பட்டைக்கு 3 மி.மீ. தடிமனில் விறைப்பான தோல் தனியாக வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் பெரியமேட்டுக் கடைகளில் தொட்டுப் பார்த்தே வாங்கலாம். வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும். அதைக் காலுக்கு வெட்டாதீர்கள்.

அளவு. ஜீன்ஸ் அணிந்துகொண்டு இரண்டு அளவுகள் எடுங்கள்: இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ் நான்கு விரல் வரை நீளம், தொடையின் பருத்த இடத்தில் சுற்றளவு. அந்தச் சுற்றளவில் ஏறக்குறைய முக்கால் பங்கு, கால் துண்டின் அகலம். தொடையின் பின்புறம் திறந்தே இருக்கும். வெளி ஓரத்திலும் அடியிலும் குஞ்சத்துக்காக 12 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த அளவில் ஒரு வடிவத்தாள் வெட்டி, அதை வைத்துப் பழைய போர்வையில் வெட்டி, இடுப்பில் கட்டி, நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்து பாருங்கள். முட்டி முழுதாக மூடியிருக்க வேண்டும். பிறகே தோலில் கத்தி படலாம். வலது காலுக்கு வடிவத்தாளைத் திருப்பிப் போட்டு வரையுங்கள். நான் முதன்முறை திருப்ப மறந்து, இரண்டு இடதுகால்களை அழகாக வெட்டி வைத்தேன்.

தையல். இடுப்புப் பட்டை இரண்டு பாதிகளாக இருக்கும்; ஒவ்வொன்றையும் அந்தந்தக் காலின் மேல்விளிம்பில் பசை தடவி ஒட்டுங்கள். 4 மி.மீ. இடைவெளியில் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக நுழைத்துத் தையுங்கள். ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். தொடையைப் பின்னால் சுற்றிவர ஒவ்வொரு காலுக்கும் இரண்டு வார்கள். பக்கிள்கள் வெளிப்பக்கம், கைக்கு எட்டும் இடத்தில்.

இரு பாதிகளையும் முதுகுப்புறத்தில் உறுதியான பக்கிளால் இணைக்கலாம். முன்புறத்தில் மட்டும் மெல்லிய தோல் நாடாதான். அழகுக்காக அங்கே பக்கிள் வைக்காதீர்கள். குதிரை துள்ளும்போது சேணத்தின் முன்கொம்பில் பட்டை மாட்டினால், அந்த நாடா அறுந்து உங்களை விடுவிக்க வேண்டும். இந்த உடையில் வேண்டுமென்றே பலவீனமாக விடும் இடம் அது ஒன்றே.

குஞ்சம். கடைசி வேலை, முன்பே வெட்டினால் தைக்கும்போது காலைச் சுற்றும் பூனைபோல ஊசியில் வந்து சிக்கும். புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவார்கள்; இங்கே கட்டுவதற்கு எதுவுமில்லை, விளிம்பையே கீறுகிறோம். ஓரத்திலிருந்து 12 செ.மீ. உள்ளே, தோலின் பின்பக்கத்தில் ஒரு கோடு. அதில் 6 மி.மீ.க்கு ஒரு புள்ளி. இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, கோட்டிலிருந்து வெளிநோக்கி இழுத்து வெட்டுங்கள். வெளியிலிருந்து உள்ளே வெட்டினால் கத்தி கோட்டைத் தாண்டிவிடும். ஒரு காலுக்கே 150க்கு மேல் வெட்டுகள். பத்து வெட்டுக்கு ஒருமுறை கத்தியைத் தீட்டுங்கள் அல்லது அலகை மாற்றுங்கள். மூலையை வளைவாக்கிக்கொண்டால் இழைகள் விசிறிபோல விரியும், நுனி சற்று அகலமாக வரும், அதனால் தவறில்லை.

தைத்து முடித்த கையோடு குதிரைமேல் ஏறிவிடாதீர்கள். ஆடும் குஞ்சத்தைக் கண்டு மிரளும் குதிரைகள் உண்டு. முதலில் கையில் எடுத்துப் போய் முகரவிடுங்கள், கழுத்தில் மெல்லத் தடவுங்கள், பிறகு அதை அணிந்துகொண்டு குதிரையின் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் நடந்து காட்டுங்கள்.